ரயில் படப் போட்டி: "எங்கே நின்று எடுத்தாய்?" என்று முதலில் கேட்போமா?

சீனக்குடாக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நம் ரயில் புகைப்படப் போட்டிக்குப் போன வருடம் இருந்த மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். இந்த வருடத்துக்கான அறிவிப்பு போடுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் பரிசு வாங்கிய படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வயல்வெளி, காலை மஞ்சள் வெயில், எஞ்சின் நேரே நம் முகத்துக்கு வருவது போல ஒரு பார்வை. நான் அதற்கு 9 புள்ளி போட்டேன். பரிசு கொடுத்து இரண்டு மாதம் இருக்கும், திருகோணமலைச் சீனக்குடாவில் ரயில் கடவைக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடப் பெடியன் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் குந்தியிருந்து போனை நீட்டிக்கொண்டிருந்தான். ரயில் ஹோர்ன் அடித்தபடி வருகிறது. கடவைக் காவலர் ஓடிப்போய்ச் சட்டையில் பிடித்து இழுத்தார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. "என்ன தம்பி வேலை இது?" என்று கேட்டால், "முதல் பரிசுப் படம் இப்படித்தானே எடுத்தது" என்கிறான்.

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் படத்தை எங்கே நின்று எடுத்தார்கள் என்று நாங்கள் மூன்று பேரும் கேட்கவே இல்லை. கூர்மை பார்த்தோம், வெளிச்சம் பார்த்தோம், எஞ்சினின் வகுப்பைப் பார்த்தோம். அதைக் கேட்காமல் விட்டோம். இந்த வருடம் ஒவ்வொரு படத்தோடும் "நின்ற இடம்" என்று ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும், அந்த வரி இல்லாத படத்தை நடுவர் பார்க்கவே கூடாது என்பது என் கோரிக்கை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கல்லோயாச் சந்தி:
அண்ணை, அது என்னுடைய படம். அந்தப் பெடியனுடைய கதையைக் கேட்டு மனம் கலங்கிவிட்டது, ஆகவே முழுதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தண்டவாளத்தில் கால் வைக்கவில்லை. கந்தளாய் தாண்டிப் பாதை வளைகிற ஓரிடத்தில், வளைவின் வெளிப்பக்கம், வயல் வரம்பில் நின்று 300 மில்லிமீற்றர் லென்ஸில் எடுத்தது. வளைவின் வெளியே நின்றால் ரயில் திரும்புகிற வரைக்கும் நம்மை நோக்கியே வரும். நீள லென்ஸ் தூரத்தைச் சுருக்கிக் காட்டுவதால் பார்ப்பவருக்கு எஞ்சின் பத்தடிக்குள் நிற்பது போலத் தெரியும். உண்மையில் எனக்கும் பாதைக்கும் இடையில் ஒரு முழு வயல் கிடந்தது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லோயாவிலிருந்து திருகோணமலைக்கு வருகிற நம் பாதை மொத்தத்தில் வடகிழக்காக ஓடுகிறது. அதனால் காலையில் திருகோணமலைக்கு வருகிற ரயிலின் முகத்தில் வெயில் விழும். கொழும்புக்குப் போகிற ரயிலுக்குப் பின்னேரம்தான் அந்த வெயில் கிடைக்கும். இரவுத் தபால் ரயில் நேரத்துக்கு வந்தால் இருட்டோடு போய்விடும், பிந்தி வருகிற நாளில்தான் வாய்ப்பு. நாலு விடியற்காலை வரம்பில் நின்றேன். மூன்று நாள் வெறுங்கையோடு திரும்பினேன்.

இதில் ஒன்றையும் நான் படத்தோடு எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. எழுதியிருந்தால் அந்தப் பெடியனும் வயலுக்குள் இறங்கியிருப்பான். அந்த வரி வேண்டும் அண்ணை, நான் முழுதாக ஆதரவு.

சீனக்குடாக்காரன்:
தம்பி, இதை நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் பாதைக்கு நடுவில் நின்றுதான் எடுத்திருப்பீர்கள் என்று இத்தனை நாளும் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிக்க வேண்டும். பாதுகாப்பாக எடுத்த படம்கூடப் பார்ப்பவனைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடலாம் என்று இப்போதுதான் புரிகிறது. பரிசுப் படங்களைத் திரும்பப் போடும்போது நீங்கள் எழுதிய இந்த இரண்டு பந்தியையும் அப்படியே கீழே சேர்க்க அனுமதி தருவீர்களா?

கல்லோயாச் சந்தி:
தாராளமாக, அண்ணை.

பழைய கார்ட்:
பிள்ளைகளே, முப்பது வருடத்துக்கு மேல் ரயிலில் கார்டாக இருந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

ஓடுகிற ரயிலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பிரேக் போட்ட பிறகும் அது பல நூறு மீற்றர் போய்த்தான் நிற்கும். டிரைவர் ஹோர்ன் அடிப்பது உங்களை ஏசுவதற்கு இல்லை, அந்த நேரத்தில் அவர் கையில் இருப்பது அது ஒன்றுதான். நம் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், ஆனால் பெட்டிகள் தண்டவாளத்தையும் தாண்டி இரண்டு பக்கமும் வெளியே நீண்டிருக்கும். அதற்கும் வெளியே மிதிபலகை, அதில் தொங்குகிற ஆட்கள். பாதையோரத்தில் நிற்பவன் தான் வெளியேதான் நிற்பதாக நினைத்துக்கொள்வான். பாதையில் நடப்பது சட்டப்படி குற்றம் என்பதைப் போட்டி விதியின் முதல் வரியாகவே போடுங்கள்.

இன்னொன்று பிளாஷ். கல்லோயாவுக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் டிரைவரின் கண் யானையைத் தேடிக்கொண்டிருக்கும். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குக் கிட்ட விடியுமுன் மட்டக்களப்புப் பாதையில் ஒரு யானைக் கூட்டத்தின் மேல் ரயில் மோதியது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இருட்டில் முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்தால் அந்த மனுசனுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. போன வருடம் வந்த இரவுப் படங்களில் இரண்டு அப்படி எடுத்தவை. பார்த்தவுடன் எனக்கு வயிறு எரிந்தது. அவற்றில் ஒன்றுக்கு ஆறுதல் பரிசும் கிடைத்தது.

உப்புவெளி நிழல்:
ஐயா சொன்னது மிகச் சரி. இரவு ரயில் படம் என்றாலே எல்லோரும் அமெரிக்காவின் ஓ. வின்ஸ்டன் லிங்கை உதாரணம் காட்டுவார்கள். 1955 முதல் 1960 வரை நோர்போக் அண்ட் வெஸ்டர்ன் பாதையில் நீராவி எஞ்சின்களின் கடைசிக் காலத்தை இரவில் பிளாஷ் பல்ப்களை வரிசையாகக் கட்டி எடுத்தவர். ஆனால் அவர் அந்த ரயில் கம்பனியின் அனுமதியோடும் ஒத்துழைப்போடும் செய்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நம்மிடம் அந்த அனுமதி இல்லை. ஆகவே ஓடுகிற ரயிலுக்குப் பிளாஷ் கூடவே கூடாது. நிலையத்து விளக்கு, கடவை விளக்கு, எஞ்சினின் முன்விளக்கு இவ்வளவும் போதும். ஸ்ராண்டில் கமராவை வைத்து நின்றுகொண்டிருக்கும் ரயிலை எடுக்கலாம்.

இனிப் புள்ளி போடும் முறை. இதில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. போன வருடப் பட்டியலில் இருந்து இரண்டு படத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு 9, 7, 7. மொத்தம் 23. மற்றதற்கு 4, 8, 8. மொத்தம் 20. முதலாவது வென்றது. ஆனால் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் இரண்டாவது படத்தைத்தான் கூட நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள்! ஒருவர் 4-இலிருந்து 9 வரை தாராளமாகப் போடுகிறார், மற்ற இருவரும் 7-க்கும் 8-க்கும் இடையிலேயே நிற்கிறார்கள். கூட்டினால் தாராளமாகப் போடுபவரின் கைதான் ஓங்கும். அவர் மேல் பிழை சொல்லவில்லை, கூட்டும் முறைதான் சரியில்லை.

கடைசிச் சுற்றில் பத்துப் படம் நிற்கிறது என்று வையுங்கள். புள்ளி வேண்டாம். ஒவ்வொரு நடுவரும் தனியாக 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தட்டும். வரிசை எண்களைக் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகை வந்த படத்துக்குப் பரிசு. மேலே சொன்ன இரண்டு படத்தையும் இப்படிப் பார்த்தால் முதலாவதுக்கு 1, 2, 2. இரண்டாவதுக்கு 2, 1, 1. ஐந்துக்கு நாலு, முடிவு மாறிவிடுகிறது.

சீனக்குடாக்காரன்:
அக்கா, அந்த 9-ஐயும் 4-ஐயும் போட்டவன் நான்தான். 4 வாங்கியது எந்தப் படம் என்றும் தெரியும். கடவைக் காவலரும் வயல் தண்ணீரும்.

தம்பலகாமத்து வயல்:
நானே அதைப் பற்றி எழுதலாம் என்றிருந்தேன். அது என் படம். பெரிய கமரா இல்லை, போனில் எடுத்தது.

எங்கள் வீடு பாதைக்கு நூறு அடி தள்ளி. சின்ன வயதிலிருந்து கோச்சி வருகிற சத்தத்தில்தான் நேரம் பார்த்து வளர்ந்தோம். அந்தப் படத்தில் ரயில் இல்லை என்பது உண்மை. காவலர் பச்சைக் கொடியோடு நிற்கிறார், அவருக்குப் பின்னால் நாற்று நட்ட வயலின் தண்ணீர் மேல் பெட்டிகளின் நிழல் விழுந்து ஓடுகிறது. ரயில் என்னுடைய முதுகுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்த பதில் "ரயில் படத்தில் ரயில் இருக்க வேண்டும்" என்ற ஒரே வரி. தோற்றது எனக்குப் பெரிதில்லை. அந்த ஒரு வரியில் மனிதரையும் வயலையும் தள்ளிவிட்டார்களே என்றுதான் இருந்தது. அந்த மனுசன் நாள் முழுக்க அந்தக் கொட்டிலில் இருக்கிறார். அவர் இல்லாமல் எந்த ரயிலும் எங்கள் ஊரைப் பத்திரமாகத் தாண்டாது.

கோட்டை பிளாட்போம்:
கொழும்பிலிருந்து நான். அக்கா, உங்கள் படத்தை நானும் விரும்பினேன். ஆனாலும் எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இது ரயில் பிரியர்களின் போட்டி. எம்2 வகுப்பு டீசல் எஞ்சின்கள் 1954-இலிருந்து இங்கே ஓடுகின்றன. பெரும்பாலும் கனடா கொடுத்தவை, அவற்றில் பல கனடாவின் மாகாணப் பெயர்களைத் தாங்கியவை. எழுபது வருடம் பழைய எஞ்சின் ஒன்று திருகோணமலைப் பக்கம் வருகிற அன்று அதைத் தெரிந்து வைத்து, லீவு போட்டு, பஸ் ஏறிப் போய் எடுக்கிறவனின் உழைப்புக்கும் ஒரு மதிப்பு வேண்டாமா? எம்2-க்கும் எம்10-க்கும் வித்தியாசம் தெரியாத நடுவரிடம் படம் கொடுத்து என்ன பயன்? போட்டோவை மட்டும் பார்க்கிற போட்டிகள் எத்தனையோ இருக்கின்றன. ரயிலைத் தெரிந்தவர்கள் பார்க்கிற போட்டி நமக்கு இது ஒன்றுதான்.

உப்புவெளி நிழல்:
தம்பி, அறிவுக்கு மதிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் போன வருடம் எம்2 தெரிந்த எல்லாப் படமும் முதல் சுற்றைத் தாண்டியது. அதில் மூன்று படத்தில் எஞ்சினின் தலைக்கு மேலேயே மின்கம்பம் முளைத்து நிற்கிறது. எல்லாமே ஒரே முக்கால் கோணம், எஞ்சின் முன்னால் பெரிதாக, பெட்டிகள் பின்னால் சிறுத்துக்கொண்டு. எம்2-ஐ எம்2 என்று அறிவது எஞ்சினுக்குப் போகிற மரியாதை. படம் எடுத்தவருக்குப் போக வேண்டியது அவர் அதை எப்படிப் பார்த்தார் என்பதற்கு.

சீனக்குடாவில் மாவு ஆலைச் சரக்கு ரயில் நிற்கிறது, எண்ணெய்த் தாங்கி வண்டிகள் நிற்கின்றன. ஒரு வருடமாக யாரும் அவற்றை எடுத்து அனுப்பவில்லை. பரிசு கிடைக்காது என்று தெரியும், அதனால்தான்.

பழைய கார்ட்:
இரண்டு பேரும் கேளுங்கள். ரயில் அறிவு என்றால் எஞ்சின் வகுப்பு மட்டுமில்லை.

நம்முடையது ஒற்றைப் பாதை. இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஒரு நேரம் ஒரு ரயில்தான் போகலாம். அதற்குத்தான் டேப்லட், டிரைவருக்கு அனுமதியாகக் கொடுக்கிற உலோகத் தகடு. இரண்டு நிலையத்து டேப்லட் பெட்டிகளும் கம்பியால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. ஒன்றை வெளியே எடுத்துவிட்டால் அது திரும்பப் பெட்டிக்குள் போகும் வரை இரண்டு பக்கமும் இன்னொன்று எடுக்க வராது. அது கைக்கு வராமல் டிரைவர் நிலையத்தை விட்டுப் போகக் கூடாது. பெரிய வளையத்தின் பையில் போட்டு எஞ்சினுக்கு நீட்டுகிற அந்தக் கணம் இருக்கிறதே, எத்தனை உயிர் அந்த வளையத்தில் தொங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். அதைப் பிளாட்பாரத்தில் நின்று நிம்மதியாக எடுக்கலாம். ஒரு எஞ்சின் நம்பரும் தெரிய வேண்டியதில்லை. கைகாட்டி விழுவது, பாதைத் தொழிலாளர் காலை வெயிலில் சிலிப்பர் கட்டை மாற்றுவது, கடவைக் காவலரின் கொடி, இதெல்லாம் ரயில்தான். தங்கச்சியின் படத்தில் ரயில் இல்லை என்று சொன்னவருக்கு ரயிலைத் தெரியாது என்பேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சீனக்குடாக்காரன்:
கோபம் இல்லை ஐயா. அந்த வரியை எழுதியதும் நான்தான். தங்கச்சி, நிழல் ஓடுகிறது என்று நீங்கள் சொன்ன பிறகு இன்று திரும்ப எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை போனில் சின்னதாகப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் மேல் விழுந்த நிழலில் ஜன்னல் ஜன்னலாகத் தெரிகிறது. நான் அதைக் காணவே இல்லை. இந்த முறை நடுவர்கள் பெரிய திரையில் பார்க்க வேண்டும், ஒரே நாளில் இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

கந்தளாய்ப் பெடியன்:
அண்ணாமாரே அக்காமாரே, நான் போன வருடம்தான் முதல் தடவை அனுப்பினேன். போன்தான் இருக்கிறது. என் படம் கலங்கல் என்று விலக்கப்பட்டது. ஏன் கலங்கியது, என்ன செய்யலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அதைச் சொல்லியிருந்தால் இந்த வருடம் திருத்தியிருப்பேன். எல்லாப் படத்துக்கும் நடுவர் இரண்டு வரியாவது எழுத முடியாதா?

உப்புவெளி நிழல்:
தம்பி, உங்கள் கேள்விக்கு இப்போதே பதில். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிற ரயில் ஒரு செக்கனில் ஏறத்தாழ 16.7 மீற்றர் போகிறது. போன் கமரா மங்கிய வெளிச்சத்தில் தானாக 1/60 செக்கன் எடுத்துக்கொண்டால், அதற்குள் ரயில் 28 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். கலங்காமல் என்ன செய்யும்? 1/500 கிடைத்தால் மூன்று சென்ரிமீற்றரும் சொச்சமும்தான். ஆகவே போன் கமராவில் புரோ முறையைத் திறந்து ஷட்டர் வேகத்தை நீங்களே கூட்டுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் நிலையத்துக்குள் மெதுவாக நுழைகிற ரயிலை எடுங்கள். இல்லையென்றால் ரயிலோடு சேர்த்துப் போனையும் ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே எடுங்கள். பின்னணி இழுபடும், பெட்டி நிற்கும். முப்பது தடவை பிழைக்கும், முப்பத்தோராவது தடவை வரும்.

இரண்டு வரி விமர்சனம் எல்லோருக்கும் கட்டாயம் வேண்டும். நான் நடுவராக இருந்தால் எழுதுவேன் என்று இங்கேயே உறுதி தருகிறேன்.

கோட்டை பிளாட்போம்:
சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். எஞ்சின் அறிவைப் புள்ளியாகப் போட வேண்டாம். விளக்கக் குறிப்பாக எழுதச் சொல்வோம். வகுப்பு, எந்த ரயில், எந்த இடம், எந்த நாள், அதோடு அண்ணை சொன்ன நின்ற இடம். குறிப்புப் பிழையாக இருந்தால் நடுவர் திருத்திச் சொல்லட்டும். படத்தைப் பரிசுக்குத் தேர்வது படமாகவே நடக்கட்டும்.

ஆனால் ஒரு கேள்வி. திருத்தம் எவ்வளவு வரை? போன வருடம் ஒருவர் மின்கம்பியை அழித்திருந்தார். இப்போது செயற்கை அறிவில் முழு ரயிலையே உருவாக்கிவிடலாம். 2023-இல் சோனி உலகப் புகைப்பட விருதில் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மன் கலைஞர், தன் படம் செயற்கை அறிவால் ஆனது என்று தானே சொல்லிப் பரிசை மறுத்தார். அவராகச் சொன்னதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

கல்லோயாச் சந்தி:
வெட்டுவது, வெளிச்சம், நிறம் இவற்றைச் சரிசெய்வது ஓகே. இருந்ததை எடுப்பதும் இல்லாததை வைப்பதும் கூடாது. கடைசிப் பத்துக்கு வருகிறவர்களிடம் கமராவில் இருந்து வந்த அசல் கோப்பைக் கேளுங்கள். 2015-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் கடைசிக்கு முந்திய சுற்றுக்கு வந்த படங்களில் ஐந்தில் ஒன்று, அசலோடு ஒப்பிட்டபோது விலக்கப்பட்டது. அவ்வளவு பெரிய இடத்திலேயே நடக்கிறது. என் படத்தின் அசலை இன்றே அனுப்புகிறேன், யாரும் பார்க்கலாம். அதன் இடது ஓரத்தில் வயல் வரம்பு தெரியும்.

தம்பலகாமத்து வயல்:
எனக்கும் ஒரு வேண்டுகோள். காவலர், தொழிலாளர் முகம் தெரியும்படி எடுத்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும் என்றும் சேருங்கள். நான் கேட்டுத்தான் எடுத்தேன். படத்தைக் கடுதாசியில் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், கொட்டிலில் ஒட்டி வைத்திருக்கிறார்.

சீனக்குடாக்காரன்:
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எடுத்தவர் பெயரை மறைத்துப் படங்களை நடுவர்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கோட்டைத் தம்பி பார்த்துக்கொள்வார், வரிசை எண் கூட்டும் வேலை உப்புவெளி அக்காவிடம். நான் இந்த வருடம் நடுவர் இல்லை. சனிக்கிழமைகளில் சீனக்குடா நிலையத்தில் நிற்பேன். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று புதுப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். தண்டவாளத்தில் குந்தியிருந்த பெடியனின் வீட்டைத் தேடிப்போய்ச் சொல்லிவிட்டேன், அவனும் வருகிறான். பழைய கார்ட் ஐயா, நடுவர் குழுவில் உங்கள் பெயரைப் போடலாமா?

பழைய கார்ட்:
போட வேண்டாம் மகன். என் பேரன் இந்த முறை படம் அனுப்புகிறான். பெயரை மறைத்தாலும் அவன் எங்கே நிற்பான் என்று எனக்குத் தெரியும், படத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன். சனிக்கிழமை உங்களோடு வந்து நிற்கிறேன். ஸ்டேசன் மாஸ்டரிடம் முதலே கேட்டுவிடுவோம்.

கந்தளாய்ப் பெடியன்:
நானும் வருகிறேன் ஐயா. எத்தனை மணிக்கு?